256 பிட் திறப்புக்கு மாற்றியதும் பெட்டி ஏன் தளர்கிறது?

கேள்வி: கோண்டாவிலில் கணக்காய்வு அலுவலகமும் சாவகச்சேரியில் அதன் கிளையும் நடத்துகிறேன். இரண்டையும் ஐபிசெக் விபிஎன் (இணையத்தின் ஊடாக மறைகுறியாக்கித் தரவை அனுப்பும் தனி இணைப்பு) மூலம் இணைக்க, ஏஎம்டி ஜியோட் எல்எக்ஸ் புரொசஸர் உள்ள பாவித்த ரவுட்டர் பெட்டிகள் இரண்டை யாழ் நகரில் வாங்கி, லினக்ஸ் நிறுவியிருக்கிறேன். ‘வன்பொருளிலேயே ஏஇஎஸ் மறைகுறியாக்கம் உண்டு’ என்று பற்றுச்சீட்டில் எழுதித் தந்தார்கள். 128 பிட் திறப்பில் (தரவைப் பூட்டவும் திறக்கவும் பயன்படும் இரகசிய எண்) நன்றாக ஓடுகிறது. 256க்கு மாற்றியதும் மிகவும் தளர்ந்துவிடுகிறது. பெட்டி பழுதா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: பெட்டி பழுதல்ல. ஏஇஎஸ் முறையில் 128, 192, 256 பிட் என மூன்று அளவுத் திறப்புகள் இருந்தாலும், ஜியோட் எல்எக்ஸ் சில்லில் உள்ள மறைகுறியாக்கப் பகுதி 128 பிட் திறப்பை மட்டுமே ஏற்கும்படி செய்யப்பட்டது. நீங்கள் 256 கேட்டதும், லினக்சில் உள்ள அதன் இயக்கி எந்த எச்சரிக்கையும் காட்டாமல் வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்துவிடுகிறது. 500 மெகாஹேர்ட்ஸ் அளவில் ஓடும் சிறிய புரொசஸர் அந்தச் சுமையைத் தனியே இழுக்க வேண்டியிருக்கிறது. இயங்குதளத்தைப் புதுப்பித்தாலும் இது மாறாது, ஏனெனில் குறை சில்லின் அமைப்பிலேயே இருக்கிறது.

256 பிட் திறப்புக்கு இயல்பாகவே கூடுதல் வேலை உண்டு: தரவைக் கலைத்து மறைக்கும் படியை 128க்கு 10 சுற்றுகளும் 256க்கு 14 சுற்றுகளும் செய்ய வேண்டும். ஆகவே வன்பொருள் இரண்டையும் ஏற்கும் இடத்தில் வேகம் பத்துக்கு ஏழு என்ற அளவில் நிற்க வேண்டும். இதைப் பார்க்க, டெர்மினலில் மறைகுறியாக்க வேகத்தை அளக்கும் ‘கிரிப்ட்செட்டப் பெஞ்ச்மார்க்’ (cryptsetup benchmark) கட்டளையைக் கொடுத்து, ஏஇஎஸ்-சிபிசி என்று தொடங்கும் 128, 256 வரிகள் இரண்டையும் ஒப்பிடுங்கள். 256 வரி பத்தில் ஒன்றிரண்டாகச் சரிந்திருந்தால், அங்கே மென்பொருள்தான் உழைக்கிறது.

விற்றவர் எழுதித் தந்தது பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல. திறப்பின் நீளம் குறிப்பிடப்படாததால் உங்கள் கோரிக்கை வலுவற்றது என்றே நினைக்கிறேன். பற்றுச்சீட்டில் 256 என்று இருந்திருந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட்டிருக்கலாம்.

உங்கள் வேலைக்கு 128 பிட் போதும். அதை நடைமுறையில் உடைக்கும் வழியை இதுவரை எவரும் காட்டவில்லை. வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை இலக்கமும் வங்கி விபரமும் கசிவது, இணைப்பின் கடவுச்சொல்லைத் துண்டுத் தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவைக்கும் வழக்கத்தால்தான் அதிகம் நேரக்கூடும். அப்படி ஒட்டியிருந்தால் இன்றே உரித்துவிடுங்கள்.

256 கட்டாயம் வேண்டுமென்றால் ஏஇஎஸ்-என்ஐ (ஏஇஎஸ் வேலையைப் புரொசஸரே வேகமாகச் செய்யவைக்கும் கட்டளைத் தொகுதி) உள்ள புரொசஸர் பாருங்கள். அது மூன்று நீளங்களையும் ஏற்கும். இன்டெல் 2010இல் அதைக் கொண்டுவந்தபோதும், இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3 மடிக்கணினிகளில் பொதுவாக அது இல்லை. அதே தலைமுறை ஐ5இல் உண்டு. காசு கொடுக்குமுன் கடையிலேயே அந்தக் கட்டளையை ஓடவிட்டு, 256 வரியைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.