வாசகர் கேள்வி – பதில்: அவுரித் தொட்டியும் மூன்று கட்டாவும்

கேள்வி: எங்கள் ஊரில் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு மேட்டைப் பெரியவர்கள் ‘அவுரித் தொட்டி மேடு’ என்பார்கள். சுண்ணாம்புக் காரை பூசிய இரண்டு குழிகளின் சுவர் இன்றும் தெரிகிறது. பீகாரின் சம்பாரண் மாவட்டத்தில் நடந்ததைப் போல வட ஆற்காட்டிலும் வெள்ளைக்காரர்கள் கட்டாயப்படுத்தி அவுரி பயிரிட வைத்தார்களா, ஐயா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது, ஒரு குழி சற்று மேட்டிலும் மற்றது அதற்குக் கீழேயும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அவை சாயத் தொட்டிகளாகவே இருக்க வேண்டும். நீலச் சாயம் தரும் அவுரிச் செடியை அறுத்து மேல்தொட்டியில் போட்டு, கட்டைகளால் அமுக்கி, இராமுழுதும் ஊறவிடுவார்கள். மறுநாள் பச்சையும் மஞ்சளும் கலந்து நிற்கும் அந்தத் தண்ணீரைக் கீழ்த்தொட்டிக்குத் திறந்துவிட்டு, ஆட்கள் இறங்கி நின்று மணிக்கணக்கில் அடிப்பார்கள். காற்றுப் படப்படப் பச்சை நீலமாகும். நீலம் வண்டலாக அடியில் தங்கும். அதைக் காய்ச்சி, வடிகட்டி, அழுத்தி, கட்டிகளாக அறுத்து உலர்த்துவார்கள். சென்னை மாகாணத்தில் உலர்ந்த இலையை ஊறவைத்துச் சாயம் எடுக்கும் முறையும் இருந்தது.

19-ஆம் நூற்றாண்டில் கடப்பை, கர்னூல், நெல்லூர், தென்னாற்காடு ஆகியவற்றோடு வட ஆற்காட்டிலும் அவுரி விளைந்தது. ஆனால் இங்கே பெரும்பாலும் நிலவியது, ‘ரயத்து’ எனப்பட்ட குடியானவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை. பட்டா அந்தக் குடியானவர் பெயரிலேயே இருந்தது. இந்தப் பயிரைத்தான் வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்டுகிற வெள்ளைக்காரத் தோட்டத் துரை பொதுவாக இங்கே இல்லை. அதற்காக நம் முன்னோர்கள் விருப்பப்பட்டு அவுரி வைத்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. கிஸ்தியை, அதாவது நிலவரியை, பணமாகத்தான் கட்ட வேண்டும். பணம் தருகிற பயிர் எதுவோ அதைத்தான் வைத்தாக வேண்டும். விதைக்கும் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் அறுவடையில் அவன் சொன்ன விலைக்கே கொடுத்தாக வேண்டும். குடியாத்தத்தில் பீடி சுற்றும் வீடுகளில் ‘அட்வான்ஸ்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்பாரணில் கட்டாயம் ஒப்பந்தப் பத்திரமாக வந்தது. இங்கே அது கிஸ்தியாகவும் கடனாகவும் வந்தது. இரண்டையும் ஒன்றென்று சொல்வது சரித்திரம் ஆகாது.

கேள்வி: ‘தீன்கட்டியா’ என்பதை நம் ஊர்க் கணக்கில் விளக்க முடியுமா?
– ஒரு வாசகி, ஆரணி

பதில்: பீகாரில் 20 கட்டா சேர்ந்தது ஒரு பிகா. ஒவ்வொரு பிகாவிலும் மூன்று கட்டாவில் குடியானவர் துரைக்காக அவுரி வைக்க வேண்டும் என்பதே தீன்கட்டியா. நம் பக்கத்துக் காணிக்கு 100 குழி என்று வைத்துக்கொண்டால், காணிக்கு 15 குழி. கேட்பதற்குச் சிறிய பங்காகத் தோன்றும். ஆனால் எந்த 15 குழி என்பதைப் பெரும்பாலும் துரையின் ஆள்தான் தீர்மானித்தான்; அவன் கை காட்டியது நல்ல மண்ணாகவே இருந்தது. நெல்லுக்கு உழ வேண்டிய நாளில் ஏரும் மாடும் முதலில் அவுரிக்குப் போயின. கிடைத்த கூலியோ உழைப்புக்கு ஈடாகவில்லை.

இதற்கு மேல் ‘அப்வாப்’ என்று பலவகைச் சட்டவிரோத வரிகள் இருந்தன. துரை யானை வாங்கினால் அதற்கொரு வரி, குதிரை வாங்கினால் ஒரு வரி, மோட்டார் வாங்கினால் இன்னொரு வரி. குடியானவர் வீட்டில் கல்யாணம் நடந்தாலும் வரி, தகப்பன் இறந்து மகன் நிலத்துக்கு வந்தாலும் வரி. யானையில் ஏறுகிறவன் ஒருவன், அதற்குத் தீனி போடுகிறவன் வேறொருவன் என்பதை இவ்வளவு வெளிப்படையாக வரிக்குப் பெயராகவே வைத்தவர்களை நான் வேறெங்கும் படித்ததில்லை.

கேள்வி: ஜெர்மனியின் ரசாயனச் சாயம் 1897-லேயே சந்தைக்கு வந்துவிட்டதே, பிறகு 1917-இல் சம்பாரணில் காந்தி தலைமையில் ஏன் போராட்டம்?
– ஒரு மாணவர், வேலூர்

பதில்: நல்ல கேள்வி. சாயம் விலை போகாதபோது நஷ்டம் துரைக்கு வந்திருக்க வேண்டும். அவர்கள் அதைக் குடியானவர் தலையில் கட்டினார்கள். அவுரி வைக்கும் கடமையிலிருந்து விடுவிக்கிறோம் என்று சொல்லி, சில கிராமங்களில் ‘தாவான்’ என்ற பெயரில் மொத்தத் தொகை வாங்கினார்கள். வேறு கிராமங்களில் ‘ஷரபேஷி’ என்று குத்தகையை உயர்த்தி எழுதிக்கொண்டார்கள். 1914-இல் யுத்தம் மூண்டு ஜெர்மன் சாயம் வருவது நின்றதும் அவுரிக்கு மறுபடி விலை ஏறியது. விடுதலைக்குப் பணம் கட்டிய குடியானவரையே மீண்டும் அவுரி வைக்கச் சொன்ன இடங்களும் உண்டு.

கேள்வி: காந்தி வருவதற்கு முன் சம்பாரணில் எதிர்ப்பே இல்லையா? அவர் போய் நின்றதும் எல்லாம் மாறிவிட்டது போலப் பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கிறார்களே!
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வாலாஜாபேட்டை

பதில்: வங்காளத்தில் 1859–60-லேயே குடியானவர்கள் முன்பணத்தைத் தொட மறுத்தார்கள், அவுரி விதைக்க மறுத்தார்கள். அங்கே கைகலப்பும் நடந்தது. ஆயினும் துரைமாரை நிலைகுலையச் செய்தது வாங்க மாட்டோம் என்ற அந்த மறுப்புதான். சம்பாரணிலும் 1907–08 வாக்கில், சாத்தி என்ற இடத்துத் தொழிற்சாலையின் கீழிருந்த குடியானவர்கள் ஷேக் குலாப் போன்றோரின் தலைமையில் அவுரி வைப்பதை நிறுத்தினார்கள். ஆகவே மறுப்பு அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தது. ராஜ்குமார் சுக்லா என்ற குடியானவர் 1916 டிசம்பரில் லக்னோ காங்கிரசில் காந்தியைப் பிடித்து, கான்பூர், கல்கத்தா என்று விடாமல் பின்தொடர்ந்து அழைத்துவந்தார். அதற்கு முன் சம்பாரண் என்ற பெயரைக்கூடத் தாம் கேட்டதில்லை என்று காந்தியே எழுதியிருக்கிறார். நீலக் கட்டிகளைப் பொட்டலங்களாகப் பார்த்திருக்கிறார். அவற்றுக்குப் பின்னால் இருந்த பாடு தெரியாது.

1917 ஏப்ரல் 16-ஆம் தேதி சம்பாரணின் தலைநகரான மோதிஹாரியிலிருந்து ஒரு கிராமத்துக்கு யானைமேல் போய்க்கொண்டிருந்த காந்திக்கு, மாவட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற உத்தரவு வழியிலேயே வந்தது. 18-ஆம் தேதி நீதிமன்றத்தில் அவர் வாதாடவில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டார். என்ன தண்டனை கொடுப்பது என்று திகைத்த மாஜிஸ்திரேட் தீர்ப்பைத் தள்ளிவைத்தார். சில நாட்களில் அரசு வழக்கையே கைவிட்டது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிந்திய வாரங்கள். ராஜேந்திர பிரசாத், பிரஜ்கிஷோர் பிரசாத் முதலிய வக்கீல்கள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான குடியானவர்களின் வாக்குமூலங்களை எழுதினார்கள். ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்யவேண்டும், நிற்காத சாட்சியைத் தள்ளிவிடவேண்டும் என்பது காந்தி விதித்த முறை. ரகசியப் போலீஸ் அதிகாரி பக்கத்திலேயே இருப்பார். அவரை விலகச் சொல்லக்கூடாது என்பதும் காந்தியின் முறைதான்.

அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். துரையின் ஆள் நாளை வீட்டுக்கு வருவான் என்று தெரிந்தும், போலீஸ்காரர் காது கேட்கும் தூரத்தில், தன் பெயர், தகப்பன் பெயர், ஊர், கட்டிய தொகை எல்லாவற்றையும் ஒரு குடியானவர் உரக்கச் சொல்கிறார். அவர் தடி எடுக்கவில்லை, கோஷம்கூடப் போடவில்லை. இதை ‘வெறும் மனு’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. பெயர் சொல்லுவதற்கே அஞ்சி வாழ்ந்த ஒருவர் பெயரைச் சொல்லுவது எப்பேர்ப்பட்ட செயல் என்பதை அவர்கள் எடைபோடவில்லை என்பது என் கருத்து.

கேள்வி: வாங்கிய தாவானில் 25 சதவீதம் மட்டுமே திரும்பக் கிடைத்ததாமே? இது வெற்றியா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: காந்தியும் உறுப்பினராக இருந்த விசாரணைக் குழு 1917-இல் அறிக்கை கொடுத்தது, 1918-இல் சம்பாரண் விவசாயச் சட்டம் வந்து தீன்கட்டியா ஒழிந்தது. பணக்கணக்கில் 25 சதவீதம் குறைவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் துரை வாங்கிய பணத்தில் ஒரு பைசாவையாவது திருப்பிக் கொடுப்பான் என்று அதற்கு முன் அங்கே யாரும் கண்டதில்லை. சில ஆண்டுகளில் துரைமார் பலர் தோட்டங்களை விட்டுப் போனார்கள்.

கேள்வி: நம் பக்கத்தில் இப்படிப் பெயர் சொல்லிச் சாட்சி கொடுத்தவர்கள் இல்லையா?
– ஒரு வாசகி, காட்பாடி

பதில்: உண்டு, அவுரிக்காக அல்ல, கிஸ்திக்காக. வரி வசூலில் நடக்கும் சித்திரவதையை விசாரிக்க 1854-இல் சென்னையில் ஒரு கமிஷன் அமைந்தது. 1855-இல் அறிக்கை வந்தது. அதன் முன் முறையிட மாகாணத்தின் மாவட்டங்களிலிருந்து ரயத்துகள் நேரிலும் வந்தார்கள், மனுவாகவும் எழுதியனுப்பினார்கள். நெடுந்தொலைவு நடந்தே வந்தவர்களும் இருந்தார்கள். விரல்களை மரச்சட்டத்துக்குள் வைத்து நெருக்கும் ‘கிட்டி’, தலையைக் காலோடு சேர்த்து வெயிலில் குனிய வைத்துக் கட்டும் ‘அண்ணாந்தாள்’ என்ற இரண்டு தமிழ்ச் சொற்களும் அந்த ஆங்கில அறிக்கையில் அச்சேறியிருக்கின்றன. தாசில் கச்சேரியில், அதாவது தாசில்தார் அலுவலகத்தில், தம்மை நெருக்கிய கிட்டியின் பெயரை, நெருக்கப்பட்டவர்களே போய்ச் சொன்னதால்தான் அது அங்கே ஏறியது.