கயிறு பிடிக்க ஆள் இல்லாத தீவு

கேள்வி: ஒரு தீவில் இருந்த அத்தனை பேரும் ஒரே நாளில் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்களாமே, நிஜமா? அவர்களை விரட்டியது புயலா, போரா? (ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: நிஜம்தான். ஸ்காட்லாந்தின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் கடலுக்குள் தனியாகக் கிடக்கும் செயின்ட் கில்டா தீவுக்கூட்டம். அங்கே ஹிர்ட்டா என்ற தீவில் மட்டும்தான் ஊர் இருந்தது. 1930 ஆகஸ்ட் 29 அன்று மிச்சமிருந்த 36 பேரும் ஹேர்பெல் என்ற கடற்படைக் கப்பலில் ஏறிப் போய்விட்டார்கள். புயலும் இல்லை, போரும் இல்லை. அவர்களேதான் அந்த ஆண்டு மே மாதம் அரசுக்கு மனு எழுதி, எங்களைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டார்கள்.

ஏன் கேட்டார்கள் என்பதற்கு, அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். சுற்றிலும் கடல் இருந்தும் அவர்களுக்கு மீனைவிடப் பறவைதான் முக்கியம். 400 மீட்டருக்கும் மேல் செங்குத்தாக நிற்கும் பாறையில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி ஃபுல்மார், கேனட் பறவைகளையும் முட்டைகளையும் எடுத்து வருவார்கள். இறைச்சி சாப்பாட்டுக்கு, எண்ணெய் விளக்குக்கு, இறகு நிலக்காரருக்குக் குத்தகை. மேலே கயிறு பிடிப்பவனை நம்பித்தான் கீழே தொங்குபவனின் உயிர். படகு தள்ளவும் அப்படித்தான், பல கைகள் வேண்டும். கை குறைந்தால் மொத்த ஊருக்கும் அடுப்பு எரியாது.

1727இல் பறவை பிடிக்கப் பக்கத்துப் பாறைத்தீவில் இறங்கிய 3 ஆண்களும் 8 சிறுவர்களும் அடுத்த மே மாதம் வரை அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். ஊரில் பெரியம்மை பரவிப் பெரும்பாலானவர்கள் இறந்துவிட்டதால், படகை எடுத்துப் போய்க் கூட்டி வர ஆள் இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க, அந்தப் பிள்ளைகள் தினமும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகிறது.

கேள்வி: அப்படியென்றால் அங்கே ஜனத்தொகை பெருகவே இல்லையா? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: 1697இல் சுமார் 180 பேர் இருந்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு வேறு தீவுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். 1852இல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள், அதில் ஏறக்குறைய பாதிப் பேர் கரை சேரவில்லை. இதைவிடக் கொடுமை, பிறந்த ஒரு வாரத்துக்குள் ரணஜன்னியில் (டெட்டனஸ்) குழந்தைகள் வரிசையாக இறந்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி இப்படியே போனது. கடைசியில் அங்கஸ் ஃபிடெஸ் என்ற பாதிரியார் கிளாஸ்கோவுக்குப் போய்ச் சுத்தமாகப் பிரசவம் பார்க்கும் முறையைக் கற்றுக்கொண்டு வந்த பிறகுதான் அது நின்றது. என்னைக் கேட்டால் அந்தத் தீவின் சரித்திரத்திலேயே பெரிய மனிதர் அவர்தான்.

ஆனால் பிழைத்து வளர்ந்த பிள்ளைகள் ஊரில் தங்கவில்லை. முதல் உலகப்போரில் கடற்படை வந்து தங்கியதால் தபாலும் சாமான்களும் ஒழுங்காக வந்தன, வெளியுலகம் கண்ணில் பட்டது. போர் முடிந்ததும் இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். 1920இல் 73 பேர், 1928இல் 37. அப்புறம் 1930 தொடக்கத்தில் தீவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் கிளாஸ்கோ மருத்துவமனையில் இறந்ததும் மிச்சமிருந்தவர்களுக்கும் மனம் விட்டுப்போயிற்று.

கேள்வி: போனவர்கள் என்ன ஆனார்கள்? (அதே வாசகி)

பதில்: கிளம்பும் காலையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் கொஞ்சம் ஓட்ஸ் தானியத்தையும் குவித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பலர் நிலப்பகுதியில் மோர்வெர்ன் என்ற இடத்தில் குடியேறினார்கள். ஆண்களுக்கு அரசு கொடுத்தது வனத்துறை வேலை. அவர்கள் பிறந்த தீவில் ஒரு மரம்கூடக் கிடையாது. அங்கே பிறந்து, அன்று கப்பல் ஏறியவர்களில் கடைசியாக இருந்த பெண்மணி 2016இல், 93 வயதில் காலமானார். கிளம்பும்போது அவருக்கு 8 வயது.