மீளமைத்த உதிரிப்பாகங்களை நம்பலாமா? பழைய வாகனம் வைத்திருப்போரின் கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட நாளிலிருந்து, கொட்டிலில் கிடந்த பழைய கார்கள் பலவும் மீண்டும் வீதிக்கு வந்தன. அதனால் இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மீளமைத்த பாகங்களை, அதாவது திறந்து தேய்ந்ததை மாற்றிச் சோதித்த பழைய பாகங்களைப் பற்றியவையாகவே இருந்தன.

மானிப்பாய் வாசகர்: என் மொறிஸ் மைனரின் பிறேக் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது பிறேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) ஒழுகுகிறது. பழையதைக் கொடுத்தால் மீளமைத்த ஒன்றைத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். மாற்றிக்கொள்ளலாமா?

மாற்றிக்கொள்ள வேண்டாம், உங்களுடையதையே திருத்துவிப்பதுதான் நல்லது. உங்கள் சிலிண்டரின் வரலாறு உங்களுக்குத் தெரியும், கடைக்காரர் தரப்போவதன் வரலாறு அவருக்கே தெரியாது. மைனரில் இந்தச் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே பூட்டப்பட்டிருப்பதால் மழைநீரும் உப்புக்காற்றும் அதைத் தாக்குகின்றன. போதாததற்கு, பிறேக் எண்ணெயே ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால், அந்த ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரித்துக் குழிகளை உண்டாக்குகிறது.

சென்ற மாரியில் ஒருவர் கொண்டுவந்த ‘மீளமைத்த’ சிலிண்டர் ஒன்றைக் கழற்றினேன். வெளியே கறுப்பு வர்ணம் பளபளத்தது. உள்ளே துணியால் துடைத்து விளக்குப் பிடித்துப் பார்த்தால், கடுகு அளவில் பழுப்புநிறக் குழிகள் நிரையாகத் தெரிந்தன. எண்ணெய் ஒழுகாமல் அடைக்கும் றப்பர்கள் மட்டுமே புதியவை. அவற்றின் விளிம்பும் இரண்டு மாதத்துக்குள் அறுபட்டிருந்தது. ஒரு குடும்பம் அந்த பிறேக்கை நம்பிக் காரில் ஏறியிருக்கிறது என்பதை நினைக்கவே மனம் பதறுகிறது.

குழி விழுந்த சிலிண்டரைத் தேய்த்துத் தேய்த்து மினுக்குவதும் தீர்வாகாது; துளை பெருத்தால் றப்பர் சரியாக அடைக்காது. உட்சுவரைக் கடைந்தெடுத்து, துருப்பிடிக்காத உருக்கினாலோ பித்தளையினாலோ உறை போட்டு, பழைய அளவுக்கே கொண்டுவருவதுதான் முறையான வேலை. அப்படி உறை போட்டவர், எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளையை மறுபடி துளைத்தாரா, அதன் ஓரத்துப் பிசிறை நீக்கினாரா என்று கட்டாயம் கேளுங்கள். துளை இல்லாவிட்டால் பிறேக் பிடித்தபடியே நிற்கும். பிசிறு இருந்தால் புது றப்பர் அறுபடும். பூட்டுமுன் பாகங்களைப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ விடாதீர்கள், றப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

சாவகச்சேரி வாசகர்: அப்பா வைத்திருந்த ஒஸ்ரின் ஏ40 சமசெற்றின் எஞ்சினைத் திருத்துகிறோம். கிராங்கை (பிஸ்ரன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டை) மீண்டும் கடைய வேண்டும் என்கிறார்கள். எத்தனை தடவை கடையலாம்?

1952க்கும் 1954க்கும் இடையில் செய்யப்பட்ட இந்தக் கார், யுத்தகால எரிபொருள் தடையின்போது சில துளி பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடியிருக்கக்கூடும். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்வதால், கிராங்கும் பெயாரிங்குகளும் விரைவாகத் தேய்ந்தன. அந்தக் கார்கள்தான் அன்று நோயாளரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தன. ஆகவே இந்தத் தேய்மானத்தை யாருடைய குற்றமாகவும் நான் பார்ப்பதில்லை.

வழக்கமாக 0.010 அங்குலப் படிகளில், 0.040 வரை, அதாவது நான்கு தடவை கடைவார்கள். முதலில் மைக்ரோமீற்றரால் ஒவ்வொரு கழுத்தையும் (கிராங்கில் பெயாரிங் பிடிக்கும் உருண்டைப் பகுதியை) ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்து எழுதித்தரச் சொல்லுங்கள். இரண்டு அளவும் வேறுபட்டால் கழுத்து நீள்வட்டமாகியிருக்கிறது. அடுத்த படிக்குரிய பெயாரிங் கையில் கிடைத்த பிறகே கடையக் கொடுங்கள். கடைந்த கிராங்குக்குப் பெயாரிங் கிடைக்காவிட்டால் அது வெறும் இரும்புதான். கழுத்தும் அதன் பக்கச்சுவரான கன்னமும் சேரும் மூலையில் வளைவு பழையபடி விடப்பட்டிருக்க வேண்டும், அங்கே கூரான மூலை விழுந்தால் கிராங்க் அந்த இடத்திலேயே வெடித்து முறியும். ஒயில் துளைகளில் தங்கிய அரைதூளைக் கழுவி எடுத்தபின் பூட்டுங்கள்.

சுன்னாகம் வாசகர்: மீளமைத்த டைனமோ (பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் மின்பிறப்பாக்கி) பூட்டியும் சார்ஜ் விளக்கு அணையவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்பட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம். பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். டைனமோவில் எஞ்சியிருக்கும் காந்தம் அதற்கு மாறாக இருந்தால் சார்ஜ் ஏறாது. எஞ்சினை நிறுத்தி, டைனமோவில் ‘F’ என்று குறித்திருக்கும் எஃப் முனையின் வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் உடலோடு இணைக்காத மற்ற முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து எஃப் முனையில் இரண்டு மூன்று தடவை தொட்டெடுங்கள். அதன் பிறகும் விளக்கு எரிந்தால், காபன் பிறஸ்களையும் உள்ளே சுழலும் ஆமேச்சரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பருத்தித்துறை வாசகர்: ஹயஸ் டீசல் வானுக்கு கொழும்பின் பழைய பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஸ்ராட்டரும் மீளமைத்ததுதானே?

பெரும்பாலும் இல்லை. பஞ்சிகாவத்தையில் அதிகம் விற்பது வேறு வாகனத்திலிருந்து கழற்றிய பாகம். அதை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். மீளமைத்தது என்றால் திறந்து, தேய்ந்ததை மாற்றி, சோதித்தது. திறப்பைத் திருப்பும்போது ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்டு ஸ்ராட்டர் சுழலாவிட்டால், முதலில் பற்றரியையும் அதன் முனைகளையும் பாருங்கள். அவை சரியென்றால், பல தடவை ஸ்ராட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் சொலினோயிட்டுக்குள் இருக்கும் இரண்டு செப்புத் தகடுகளே தேய்ந்திருக்கும். அவற்றை மாற்றினாலே போதும், முழு ஸ்ராட்டரும் தேவையில்லை. மாற்றிய பழைய தகடுகளை உங்கள் கையில் தரச்சொல்லி வாங்கிப் பாருங்கள்.