மரியன் சேஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகள் உளவியல் முதுகலை முடிக்கப்போகிறாள். அடுத்து நடன சிகிச்சை படிக்க வேண்டுமாம். ஆடினால் மனசு லேசாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதற்கு ஏன் சிகிச்சை என்று ஒரு பெயர் என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு, மரியன் சேஸ் என்பவரைப் பற்றிப் படியுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுத முடியுமா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

ஆடினால் மனசு லேசாகும், சரிதான். ஆனால் நடன சிகிச்சையின் முன்னோடியான சேஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி போய் நின்ற இடத்தில் ஆடுகிற நிலையில் யாருமே இல்லை.

1942, வாஷிங்டன். செயின்ட் எலிசபெத்ஸ் என்ற அரசு மனநல மருத்துவமனை. கவிஞர் எஸ்ரா பவுண்டைப் பின்னாளில் பல ஆண்டுகள் அடைத்து வைத்திருந்தது இங்கேதான். ஏற்கனவே ஆயிரக்கணக்கான நோயாளிகள். இரண்டாம் உலகப் போரில் மனம் குலைந்து திரும்பிய வீரர்கள் வேறு. மனச்சிதைவுக்கான மருந்து குளோர்ப்ரோமசின் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது 1954இல்தான். வாயே திறக்காதவர்களிடம் பேச்சை நம்பி எந்த மருத்துவர் என்ன செய்துவிட முடியும்?

செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக அங்கே வந்தவர் சேஸ். 1896இல் பிறந்தவர். இளவயதில் நீரில் குதிக்கும்போது முதுகில் அடிபட்டு, மருத்துவர் சொன்னதன்பேரில் நடனத்துக்கு வந்தார். ரூத் செயின்ட் டெனிஸ், டெட் ஷான் இருவரின் டெனிஷான் பள்ளியில் பயின்று, வாஷிங்டனில் சொந்தமாக வகுப்பு நடத்தினார். மேடை ஏறும் எண்ணமே இல்லாத சிலர் விடாமல் வருவதைக் கவனித்திருக்கிறார். அவர்களுக்கு இங்கே என்ன கிடைக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்த பிறகு, அடவு சரியா தவறா என்று பார்ப்பது குறைந்து, ஆளைப் பார்ப்பது கூடியது. அந்த ஊர் மருத்துவர்களும் தங்களிடம் வந்தவர்களை அவரிடம் அனுப்பத் தொடங்கினார்கள்.

வார்டில் அவர் என்ன செய்தார்? இசைத்தட்டு ஒன்றைப் போடுவார். பெரும்பாலும் வால்ட்ஸ் என்ற மேற்கத்திய நடன இசை, யாரையும் உலுக்காதது. அப்புறம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே நடப்பார். ஒரு பெண் குறுகி உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் என்று வையுங்கள். சற்றுத் தள்ளி, அதே உயரத்தில் உட்கார்ந்து, அந்தத் தேய்ப்பின் வேகத்தையும் இறுக்கத்தையும் தன் கைக்குக் கொண்டுவருவார். இது எளிதில்லை. அசைவை மட்டும் எடுத்தால் பழிப்புக் காட்டுவது போலாகிவிடும், நோயாளி அதைச் சட்டென்று கண்டுகொள்வார். அசைவுக்குள் இருக்கும் பயத்தையோ கோபத்தையோ தன் உடம்பில் வாங்கித்தான் திருப்பித் தர வேண்டும். அவள் நிமிர்ந்து பார்த்தால் அசைவைக் கொஞ்சம் அகலமாக்குவார். முகத்தைத் திருப்பினால் விலகிவிடுவார்.

இப்படி ஒவ்வொருவராகச் சேர்ந்து ஒரு வட்டம் உருவாகும். ஒருவர் முஷ்டியை ஓங்கினால் அத்தனை பேரும் அதே தாளத்தில் ஓங்குவார்கள். அதுவரை அவருக்கு மட்டுமே இருந்த கோபம், பத்துப் பேர் நடுவில் வைத்துக்கொள்ளக்கூடிய ஒன்றாகிறது. முடிக்கும்போதும் வட்டமாகவே நின்று, மெதுவாக அடங்கித்தான் கலைவார்கள்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸின் 'கவுன்சிலிங் அண்ட் சைக்கோதெரபி' நூல் வெளியானதும் இதே 1942இல்தான். வந்தவர் சொல்வதை, அதன் உணர்வோடு, அவருக்கே சொற்களில் திருப்பித் தருவது ராஜர்ஸின் வழி. சேஸ் ராஜர்ஸைப் பின்பற்றியவர் இல்லை; அவர் எடுத்துக்கொண்டது மனநல மருத்துவர் ஹாரி ஸ்டாக் சல்லிவனின் சிந்தனைகளை. ஆனாலும் மனிதநேய உளவியல் என்று பின்னால் பெயர் பெற்ற அந்த அடிப்படை மரியாதையை, சொல்லே இல்லாத இடத்தில் அவர் செய்து காட்டினார் என்றே நான் நினைக்கிறேன். நோய் எவ்வளவு முற்றியிருந்தாலும், அந்த ஆளிடம் பதில் சொல்லத்தக்க ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவர் மனதார நம்பினார். என்னை அவரிடம் இழுப்பது அதுதான்.

பிறகு மேரிலாந்தில், மனநல மருத்துவர் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் பணியாற்றிய செஸ்ட்நட் லாட்ஜ் என்ற மனநல மருத்துவமனையிலும் வேலை செய்தார். 1966இல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவர். 1970இல் மறைந்தார். எழுதியது குறைவு. மாணவிகள்தான் அவர் முறையை வகுத்து எழுதினார்கள்.

உங்கள் அக்கா மகளைத் தடுக்காதீர்கள். எங்கே படிக்கப்போகிறாள் என்று மட்டும் விசாரியுங்கள். வாரக் கடைசிப் பட்டறைக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கி வந்தால் போதாது. மருத்துவமனையில், நோயாளிகளோடு, அனுபவமுள்ள ஒருவரின் கண்காணிப்பில் நீண்ட பயிற்சி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், தாராளமாக அனுப்பி வையுங்கள்.