தேடும்போதே வளரும் மேப்

கேள்வி: சிங்கப்பூர்ப் பேருந்து நிறுத்தங்களின் ஐந்திலக்க எண்களையும் பெயர்களையும் சி++ நிரல்மொழியின் மேப்பில் (ஒவ்வொரு கீக்கும், அதாவது தேடுகுறிக்கும், ஒரு மதிப்பை இணைத்து வைக்கும் அமைப்பில்) சேர்த்திருக்கிறேன். இல்லாத எண் ஒன்றைத் தேடியபின் மேப்பின் அளவு ஒன்று கூடிவிட்டது. ஏன்?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: நீங்கள் சதுர அடைப்புக்குறியால் [ ] தேடியிருக்கிறீர்கள். கேட்ட கீ இல்லையென்றால், அக்குறி அதை வெற்று மதிப்புடன் புதிதாகச் சேர்த்த பிறகே விடை தரும். கான்ஸ்ட் (மாற்றக்கூடாதது) என அறிவித்த மேப்பில், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதை ஏற்காததற்கும் இதுவே காரணம். எழுதுவதற்கு வசதியான இவ்வழியை வாசிப்பதற்குப் பயன்படுத்தவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வாசிக்க ஃபைண்ட் என்னும் செயற்கூறு ஏற்றது. அது தரும் இட்டரேட்டரை (மேப்பில் ஓர் இடத்தைச் சுட்டுவது), மேப்பின் முடிவைக் குறிக்கும் எண்டுடன் ஒப்பிட்டு, இரண்டும் வேறு என்று உறுதிசெய்த பிறகே மதிப்பைத் தொடுங்கள். கீ இல்லாமலிருப்பதே பிழையென்றால், சி++ மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரத்தில் உள்ள அட் பொருந்தும். கீ இல்லாதபோது அது எக்செப்ஷனை (நிரலின் இயல்பான ஓட்டத்தை நிறுத்தும் பிழை அறிவிப்பை) எழுப்பும். இருக்கிறதா என்று மட்டும் அறிய, 2020ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த கன்டெய்ன்ஸ் போதும்.

வரிசைப்படுத்தப்பட்ட மேப்பின் உண்மையான பலம் லோயர் பவுண்டில் இருக்கிறது. பேருந்து நேரங்களைக் கீயாக வைத்திருந்தால், காலை 7.42க்கு நிறுத்தத்திற்கு வருபவருக்கு அந்நேரத்திலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பேருந்தை, முழுப் பட்டியலையும் புரட்டாமல் அது காட்டிவிடும்.

சில நிறுத்த எண்கள் சுழியத்தில் தொடங்குவதால், முழு எண்ணாக்கினால் அச்சுழியம் மறைந்துவிடும்; எனவே அவற்றை முழு எண்களாக அல்லாமல் எழுத்துச்சரங்களாகவே வைத்திருங்கள்.