எஞ்சின் மாற்றிய லாரி வாங்கலாமா?

கேள்வி: கிரானைட் ஏற்ற 2012 மாடல் லாரி ஒன்று மலிவாக வருகிறது. வேறொரு பழைய எஞ்சின் ஏற்றி, ரீபில்ட் செய்த வண்டி. பெயர் மாற்றச் சிக்கல் வருமா? - வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: புது பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆர்.சி.யை (பதிவுச் சான்று) கையில் வைத்துக்கொண்டு சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண்ணையும் எஞ்சினில் பொறித்த எண்ணையும் அதோடு நீங்களே ஒப்பிடுங்கள். எஞ்சின் எண் வேறா? ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிந்து தருவது விற்பவர் வேலை, அதுவரை அட்வான்ஸ்கூட கொடுக்காதீர்கள், இல்லாவிட்டால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போய் மாட்டிக்கொள்வது நீங்கள்தான் (8 வருஷம் தாண்டிய லாரிக்கு அது வருஷா வருஷம்). மாற்றிய எஞ்சினுக்குப் பில் கட்டாயம் கேளுங்கள், திருட்டு வண்டியில் கழற்றியதாக இருந்தால் வழக்கு உங்கள் தலையில் விழும். அப்புறம் பெயர் மாற்றப் படிவம் 29, 30. வண்டி மேல் வாங்கிய ஃபைனான்ஸ் கட்டி முடிந்திருந்தால், அதை ஆர்.சி.யிலிருந்து நீக்கப் படிவம் 35. கர்நாடக வண்டி என்றால் அங்கிருந்து என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) வேண்டும்.