குன்னூரில் எங்கள் வார்டு பூங்காவைச் சீரமைக்கப் போகிறார்கள், பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். என்ன எழுதிக் கொடுத்தால் எடுபடும்?

"பூங்கா அழகாக இருக்க வேண்டும், சுத்தமாக வைக்க வேண்டும்" என்று எழுதினால் யாரும் மறுக்கப்போவதில்லை. கோப்பில் சேர்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். பொறியாளர் கையில் இருப்பது எஸ்டிமேட், அதாவது வேலைக்கான செலவு மதிப்பீடு. எந்த இடம், எத்தனை மீட்டர், என்ன பொருள் என்று சொன்னால்தான் உங்கள் கருத்து அதில் ஒரு வரியாக ஏறும்.

முதலில் பூங்கா யாருடையது என்று பாருங்கள். சிம்ஸ் பூங்கா மாதிரியானவை தோட்டக்கலைத் துறையிடம் இருக்கின்றன. வார்டுக்குள் இருக்கும் சின்னப் பூங்கா பெரும்பாலும் நகராட்சியுடையது. மனு தப்பான அலுவலகத்துக்குப் போனால் மேசை மேசையாகச் சுற்றும். அடுத்து, எஸ்டிமேட் போட்டாயிற்றா என்று கேளுங்கள். டெண்டர் விட்ட பிறகு நிறம் மாற்றலாம், பெஞ்சை இடம் மாற்றலாம், அவ்வளவுதான்.

மலையில் பூங்காவைக் கெடுப்பது தண்ணீர். ஆகவே மனுவில் பாதியை வடிகாலுக்கே ஒதுக்குங்கள் என்பேன். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும். 2009 நவம்பர் மண்சரிவை ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தடுப்புச் சுவர் கட்டுகிறார்கள் என்றால், உயரம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், தண்ணீர் வெளியேறக் குழாய்த் துளை வைக்கிறார்களா என்றும் கேளுங்கள். 75 அல்லது 100 மி.மீ. குழாய், ஏறக்குறைய மீட்டருக்கு ஒன்று, வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக இருக்க வேண்டும். சுவரின் பின்னால் மண்ணை நேராகக் கொட்டாமல் ஜல்லி அடுக்கு போட வேண்டும். ஜல்லி இல்லாவிட்டால் இரண்டு மழைக்குள் துளை சேற்றில் அடைத்துக்கொள்ளும். பின்னால் தேங்கிய நீரின் அழுத்தத்தில் சுவர் வயிறு தள்ளும். பழைய சுவரில் துளை காய்ந்து கிடக்க, விரிசல் வழியே நீர் கசிந்தால், அது ஏற்கெனவே அடைபட்ட சுவர். மழை பெய்யும்போதே அதைப் படம் எடுத்து மனுவோடு இணையுங்கள். பத்து வரி எழுதுவதைவிட அது பேசும்.

நடைபாதைக்குப் பேவர் பிளாக் என்பது எந்த எஸ்டிமேட்டிலும் தானாக வந்து உட்காரும். சமதரையில் குறை சொல்வதற்கில்லை. சரிவில் அடியில் போட்ட மணல் மழைநீரோடு இறங்கிவிடும், கற்கள் ஒவ்வொன்றாக ஆடும். போடத்தான் போகிறார்கள் என்றால் 60 மி.மீ. கனம், இரு பக்கமும் கான்கிரீட் கரை, செங்குத்தான இடத்தில் பாதைக்குக் குறுக்கே சில மீட்டருக்கு ஒரு கான்கிரீட் பட்டை, பாதையின் மேற்பக்கம் வடிகால் ஆகியவற்றை எழுதிக் கேளுங்கள். மர நிழலில், மூடுபனியில் பாசி பிடிக்காத தரை கிடையாது; வழவழப்பான கலர் டைல்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். சொரசொரப்பாகக் கொத்திய கருங்கல் அங்கே எவ்வளவோ மேல்.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கேட்பது நியாயம், ஆனால் கணக்கோடு கேளுங்கள். விதிப்படி 1:12 சரிவு. அதாவது 1 மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம், நடுவில் நின்று போகச் சமதளம் தனி. படிப்படியாக இருக்கும் பூங்காவில் மேல் தட்டு வாசலிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 36 மீட்டருக்கு மேல் போகும். நம் சின்னப் பூங்காவில் அது முழு இடத்தையும் தின்றுவிடும். அதைவிட, கழிப்பறை, இரண்டு பெஞ்சு, ஒரு விளையாட்டுச் சாதனம் மூன்றையும் வாசல் மட்டத்திலேயே இருக்கும் தட்டில் வைக்கச் சொல்வது புத்திசாலித்தனம். "சாய்தளம் அமைக்கவும்" என்று மட்டும் எழுதினால், வாசலில் யாராலும் ஏற முடியாத ஒரு சறுக்கலைக் கட்டிவிட்டு விதியை நிறைவேற்றிவிட்டோம் என்பார்கள்.

ஹைமாஸ்ட் விளக்கு, அதாவது உயரமான கம்பத்தின் உச்சியில் எரியும் பெரிய விளக்கு, கேட்காதீர்கள். பனி இறங்கினால் மேலே வெள்ளையாக ஒளிரும், காலடியில் படிக்கட்டு தெரியாது. பாதையோரம் இடுப்பளவு உயரத்தில், கீழ்நோக்கி விழும் மஞ்சள் விளக்கு போதும். குப்பைத்தொட்டியைக் கம்பத்தோடு பூட்டி, தாழ்ப்பாள் போட்ட மூடியோடு வைக்க வேண்டும். திறந்த தொட்டி குரங்குக்கும் கரடிக்கும் போடும் விருந்து. பொழுது சாய்வதற்குள் காலி செய்யும் பொறுப்பு யாருக்கு என்றும் சேர்த்துக் கேளுங்கள். காட்டெருமை வரும் பக்கம் முள்கம்பி வேலி வேண்டாம். அதை முறித்துக்கொண்டு வரும், காயம்பட்ட மாடு மனிதருக்கும் ஆபத்து. கழிப்பறைக்குத் தொட்டி எத்தனை லிட்டர், கோடையில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். செப்டிக் டேங்க் தடுப்புச் சுவருக்கு மேல்பக்கம் வரக் கூடாது.

வரைபடத்தில் மரங்களுக்கு எண் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இங்கே செல்லும், அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. உன்னிச்செடியை வேரோடு எடுக்கச் சொல்லலாம். ஆனால் சரிவில் நிற்கும் பெரிய கற்பூர மரத்தை அந்நிய மரம் என்பதற்காக ஒரேயடியாக வெட்டச் சொல்லாதீர்கள். சில வருடத்தில் வேர் மக்கியதும் அங்கே மண் பிடிப்பு போய்விடும். முதலில் பக்கத்தில் நாவல், காட்டுப் பூவரசு வைத்து வளர்த்துவிட்டுப் பிறகு பார்க்கலாம். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது சிமெண்ட் போடாமல் விட வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

செல்ஃபி பாயிண்ட், ஆர்ச் எல்லாம் கேட்காமலே வரும், அவற்றுக்காக மை செலவழிக்க வேண்டாம்.

ஒரு பக்கத்துக்குள் எழுதி, நகலில் ஒப்புகை வாங்குங்கள். அதே நகலைக் கவுன்சிலரிடம் கொடுத்து, பகுதி சபா (வார்டுப் பகுதி மக்கள் கூட்டம்) கூடும்போது பேசி, கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பிறகும் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம்; 30 நாளில் பதில் தர வேண்டும். அதில் "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் மழுப்பலாக ஏதாவது வரும். எஸ்டிமேட், வரைபடம், வந்த கருத்துகள் மீது எடுத்த முடிவு ஆகியவற்றின் நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.